வார்டோவுக்கு எவ்வளவு தூரம்

2009 தை மாதம், நான் ஒருமுறைகூடப் போயிராத இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. ஹமர்ஃபெஸ்ட், வார்டோ. இரண்டும் நோர்வேயின் வட அந்தத்தில், கடலோரத்தில் இருப்பவை. லண்டன் பிளேஸ்டோவில் என் அறைக் கணினியில் இரண்டு பெயரையும் அடித்தால் ஒரு நேர்கோடு வரும். முந்நூறு கிலோமீற்றருக்குக் குறைவு. பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

வார்டோவில் என் மச்சாள் இருந்தாள். மாமாவும் மாமியும் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான் என்பதால், மேற்படிப்பும் முடியட்டும், பிறகு கலியாணம் பேசலாம் என்று இரண்டு வீட்டிலும் வாயளவில் ஒரு பேச்சு இருந்தது. முறை மச்சாள் எங்கே போய்விடப் போகிறாள் என்று நானும் இருந்துவிட்டேன். இப்போது ஹமர்ஃபெஸ்டில் எரிவாயு ஆலையில் வேலை செய்யும் ஒரு எஞ்சினியர் அவளைப் பெண் பார்க்க வரப்போகிறாராம். என் பாஸ்போர்ட்டோ விசா நீடிப்புக்காகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது.

அந்த மனிதரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவருக்குக் கிடைத்த அந்த ஒரு மணித்தியாலத்தின் மீதுதான் எனக்கு எரிச்சல். நான் ரயிலும் பஸ்ஸும் மாறி வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் மாமா வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார்.

வீட்டுக்கார அண்ணை பல வருடம் நோர்வேயில் இருந்துவிட்டு லண்டனில் கடை போட வந்தவர். திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“தம்பி, உது கோடு. அங்க ஓடுறது பிளேன் இல்லை, பறக்கிற மினிபஸ். ஊருக்கு ஊர் இறங்கி ஏறும். காத்தடிச்சால் இறங்கவே இறங்காது.”

அன்றிலிருந்து வார்டோவின் காலநிலையையும் பார்க்கத் தொடங்கினேன். எஞ்சினியர் வரவிருந்த வெள்ளிக்கிழமை பனிப்புயல் என்று கண்டதும், சோதனை பாஸான அன்றுகூட எனக்கு வராத சந்தோஷம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சாளுக்கு போன் எடுத்தேன். பிளேன் திரும்பிப் போயிருக்குமே என்று, அக்கறையில்லாதவன் போலக் கேட்டேன். ஓமாம், வார்டோவில் இறங்க முடியாமல் வேறோர் ஊரில் கொண்டுபோய் விட்டதாம். ஆள் திரும்பிப் போகாமல் அங்கிருந்து பஸ் பிடித்தாராம். பாதையை மூடிவிட்டதால், பனி வழிக்கும் வண்டிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து, சனிக்கிழமை பின்னேரம்தான் வந்து சேர்ந்ததாம். சப்பாத்துக்குள் எல்லாம் தண்ணீர். மாமா தன்னுடைய காலுறையைக் கொடுத்தாராம்.

“பாவம் மச்சான், அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்,” என்றாள்.

நேர்கோட்டில் வந்திருந்தால் அவர் வெறும் மாப்பிள்ளைதான். நான் நம்பியிருந்த புயல் அவரை மாமாவின் காலுறையோடு வீட்டுக்குள் இருத்திவிட்டது.

“நேரா வந்தால் ஒரு மணித்தியாலம்தானே,” என்றேன்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

கணினியில் பார்த்ததைச் சொன்னேன்.

“லண்டனிலயிருந்து எங்கட வீட்டுக்கு எவ்வளவு எண்டு பாத்தனீங்களோ?”

பார்த்திருக்கவில்லை. போன கோடையில் மாமா டிக்கெட் போடவா என்று கேட்டபோது, சோதனை இருக்கிறது என்று சொன்னவன் நான்.

“பாஸ்போர்ட் கெதியில வந்திடும்,” என்றேன்.

“ஓம்,” என்றாள். “அவர் வாற வெள்ளியும் வாறாராம்.”