கூட இருக்க ஓர் ஆள்

சலவைத் தொழிற்சாலையில் அவன் பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தான். அது வெடித்தபோது உயிர் மட்டும் தப்பியது. மூக்கும் உதடுகளும் ஒரு பக்கக் கன்னமும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனவள் அக்கா. தையல்காரி, கணவனை இழந்தவள், வாய் ஓயாதவள். ஒருநாள் பேச்சுவாக்கில், "எதுக்குடா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சிரித்துவிட்டான். விபத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் சிரிப்பு. உதடில்லாத வாயில் பகரமும் மகரமும் வராது. பேசினால் பாதி காற்றாகப் போகும். அக்கா என்ற சொல் மட்டும் பழுதில்லாமல் வந்தது.

இறந்தவரின் முகத்தைப் பொருத்தும் சிகிச்சைக்காக அவன் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தார்கள். இதைச் செய்யும் ஆஸ்பத்திரிகள் அதுவரை ஆளுக்கொரு வழியில் போய்க்கொண்டிருந்தன. யாருக்குச் செய்யலாம், முகம் தருபவரின் குடும்பத்திடம் எப்படிப் பேசுவது என்பதற்கெல்லாம் பொது விதிகள் வகுக்க அந்த வருடம் ஒன்றுகூடின. நோயாளிகள் சார்பில் உட்கார அவனை அழைத்தார்கள்.

முதல் கூட்டங்களில் அவன் வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள், முன்பு பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரி டிரைவரைப் பற்றிச் சொன்னான். அவருக்குப் புது முகம் நன்றாகவே பொருந்தியிருந்தது. ஆனால் தனிக்கட்டை. புது முகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்க ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரைகளை மனம் வெறுத்து நிறுத்திவிட்டார். கொண்டுவந்து சேர்த்தபோது காலம் கடந்திருந்தது.

"முகம் செவந்திருக்கு, வா டாக்டர்கிட்ட போலாம்னு சொல்ல வீட்ல ஆள் இல்ல," என்றான். "கூட இருக்க ஆள் இல்லாதவங்களுக்கு இதச் செய்யாதீங்க."

"தனியா இருக்கிறது ஒரு குத்தமா?" என்று கேட்டார் கூட்டத்திலிருந்த வக்கீல்.

"குத்தமில்லைங்க. ஆனா செத்துப் போயிடுவாங்க."

அது விதியாயிற்று. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அவன் முறை வருவதற்குள், தைத்துக்கொண்டிருந்த மெஷின் மேலேயே அக்கா சாய்ந்தாள். தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் போய்விட்டாள்.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இப்ப கூட யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லைங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். அவன் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கேட்டேவிட்டான்: "எனக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்குடுக்க முடியாதா?"

"கேட்டுப் பாக்கறேன்," என்றார் அவர், அவனைப் பார்க்காமல். வெளியே வந்ததும், ஏன் கேட்டோம் என்று அவனுக்கு உடம்பே கூசியது.

அக்காவின் மகள் வெளியூரில் கைக்குழந்தையோடும் மாமியாரோடும் ஒற்றை அறையில் குடியிருந்தாள். சிகிச்சை தடைப்பட்ட விஷயம் தெரிந்து ஓடிவந்தாள்.

"நான் கூட இருக்கேன்னு சொல்லிடறேன் மாமா. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"நீ இருக்க மாட்டியேம்மா," என்றான் அவன். அவள் அழுதாள்.

அடுத்த கூட்டத்தில், ஆள் இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியே ஒருவரைத் தர வேண்டும் என்று கேட்டான். நல்ல யோசனை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆளை யார் அனுப்புவது என்பதில்தான் பேச்சு இழுத்தது. பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார்கள். விலக்கு கேட்க வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் அவனே சொன்னான். பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்தார்கள்.

அவன் இப்போது அதே சலவைத் தொழிற்சாலையின் பின்கட்டில் துணி பிரிக்கிறான். கூட்டங்களுக்கும் போகிறான், அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப வைக்கிறான். அக்காவின் மகள் முடிந்தபோது வந்து சமைத்துத் தருவாள். விபத்துக்குப் பிறகு அவன் அக்காவைத் தவிர வேறு யார் முன்னாலும் சாப்பிட்டதில்லை. மருமகள் அது தெரிந்து, தட்டை வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள்.