யாரும் உட்காராத என் முதல் ஸ்டூல்

நான் செய்த முதல் ஸ்டூலில் இன்று ஒருவர் உட்கார்ந்துவிட்டார். அதுவும் ஓடுகிற பஸ்ஸில்!

இணையத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவில் இரண்டு மாதமாகச் செய்தது. பதுளையில் தையல் கடை வைத்திருக்கும் என் அக்காவுக்குப் பரிசு. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் நானே அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு நமுனுகுலவிலிருந்து பதுளைக்கு ஏறிய பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் ஸ்டூலையே பார்த்தார்.

“தம்பி, அத கீழ வைங்க. கால் கடுக்குது.”

“இன்னும் யாரும் ஒக்காந்ததில்லங்க. ஒடஞ்சிட்டா?”

“ஒடஞ்சா நான்தானே விழுவேன், ஒங்களுக்கு என்ன?”

உட்கார்ந்தே விட்டார். ஒவ்வொரு வளைவிலும் நான் ஸ்டூலின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்டூல் உடையவில்லை. ஆனால் டக் டக்கென்று ஆடியது.

“வீட்டுல ஆடலயே. ஆட்டம் நிக்கிற வரைக்கும் காலை அறுத்து அறுத்து சரி பண்ணேங்க.”

“லயத்துக் காம்பராவுல வச்சா அறுத்தீங்க?”

“ஆமாங்க.”

“அப்ப அந்தத் தரையில இருக்கிற பள்ளத்துக்கு அளவா செஞ்சிருக்கீங்க.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இறங்கும்போது அவர் சொன்னார்: “எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்க தம்பி. காலை மட்டும் எங்க வீட்டுக்கு வந்து அறுங்க. எங்க பள்ளம் வேற பக்கம்.”

அக்கா கடையின் சமமான தரையில் வைத்து, நீளமான காலைக் கொஞ்சம் அறுத்தேன். இப்போது அக்கா அதில் உட்கார்ந்துதான் தைக்கிறாள்.

அடுத்து யாருக்கு ஸ்டூல் வேண்டும்? உங்கள் வீட்டுப் பள்ளம் எந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள்.