வெள்ளையம்மாவின் கண்ணுக்குத் தெரியாத மாடு

வெள்ளையம்மா பொய் சொல்ல மாட்டாள். ஆனால் உண்மையைக் கொஞ்சம் கோணலாக நிறுத்திவைத்து, எதிரே இருப்பவர் தானாகவே தடுக்கி விழுவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு தனி ருசி உண்டு. ரப்பர் விலை சரிந்து தோட்டங்களில் ஆள் குறைத்த காலம் அது. வேலைப் பட்டியலிலிருந்து அவள் பெயரும் போயிற்று. அவள் அழவில்லை. ஸ்கூடாய்ச் சாலை ஓரத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே நாலு கம்பு நட்டு, அத்தாப்பு ஓலைக் கூரை போட்டுத் தேத்தண்ணிக் கடை திறந்தாள். புருஷன் சின்னத்தம்பி மட்டும் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டப் போய்வந்தான்.

கடைக்குப் பால் ஊற்றியவன் காளியப்பன். சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் அவன் பாலில் எவ்வளவு தண்ணீர் இருக்கலாம் என்பதையும் அவனே முடிவு செய்தான். ஒருநாள் பாத்திரத்தின் அடி தெரிய, வெள்ளையம்மா கேட்டே விட்டாள்.

“பிடிக்கலேன்னா நீயே ஒரு மாடு தேடிக்க, தங்கச்சி” என்றான் அவன்.

“சரிண்ணே, தேடிக்கிறேன்” என்றாள் அவள்.

அந்த வாரம் மழையில் சாலை அறுந்து, சீனக் கடைக்குச் சீனியும் வரவில்லை. இருந்தது, நோன்புப் பெருநாளுக்கு வந்து மிஞ்சிய பேரீச்சம்பழம்தான். அதை வாங்கிவந்து கொட்டை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, துணியில் வடிகட்டினாள். தேயிலையோடு இஞ்சி, ஏலக்காய், பட்டை தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டாள். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். முதல் தடவை எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவைத்ததில் பால் திரிந்து, மேலே எண்ணெய் மிதந்தது. சின்னத்தம்பி குடித்துப் பார்த்துவிட்டு, குழம்பு நன்றாக இருக்கிறது, சோறு எங்கே என்றான்.

மறுநாள் அவள் அவசரப்படவில்லை. பானையை அடுப்பிலிருந்து இறக்கி, பேரீச்சம்பழச் சாற்றைக் கலந்து, கடைசியில் முதல் பிழிவுக் கெட்டிப் பாலை மெல்ல ஊற்றி ஆற்றினாள். நுரை திரண்டு நின்றது. நிறமும் நல்ல பால் தேத்தண்ணியின் நிறம்தான். இஞ்சியும் ஏலக்காயும் தேங்காய் வாசனையை அமுக்கிவிட்டன. குடித்தவர்கள் எல்லோரும் பால் இன்றைக்குக் கெட்டி என்றார்கள். வெள்ளையம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

செய்தி காளியப்பனுக்குப் போயிற்று. வந்து ஒரு கிளாஸ் குடித்தான். முகம் மாறிவிட்டது. மாட்டை எங்கே கட்டியிருக்கிறாய் என்று கேட்டான்.

“கட்டவே வேண்டாம்ணே. ரொம்ப சாது. நின்ன இடத்துலேயே நிக்கும்.”

“என்ன நிறம்?”

“வெளிய பழுப்பு. உள்ள வெள்ளை.”

“முட்டுமா?”

“முட்டாது. தலைமேல விழுந்தாத்தான் பயம்.”

தலைமேல் விழும் என்றால் மாடு ஏதோ மேட்டில்தான் மேய வேண்டும் என்று காளியப்பன் கணக்குப் போட்டான். மறுநாள் கடைவாசல் பச்சைச் சாணி தெளித்து மெழுகியிருந்ததைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகமே போய்விட்டது. கையில் ஒரு கயிற்றோடு தோட்டத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறி, புதர் புதராகத் தேடினான். மாடு கிடைக்கவில்லை. இரண்டு காலிலும் அட்டைகள் தொங்க இறங்கிவந்தான்.

அந்த எரிச்சலில்தான் அவன் வேறு கதை கட்டினான். வெள்ளையம்மா பால்மரத்துப் பாலைத் திருடித் தேத்தண்ணியில் கலக்கிறாளாம். குடித்தவன் குடல் ரப்பராக ஒட்டிக்கொள்ளுமாம். சிலர் சிரித்தார்கள். சிலர் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். கடையில் கூட்டம் குறைந்தது. இந்தத் தடவை வெள்ளையம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திருட்டுப் பட்டம் ஏறினால் சின்னத்தம்பியின் வேலையும் போய்விடும்.

வெட்டிய ரப்பர்ப் பாலை எடைபோட்டு முடிந்த ஒரு காலைப்பொழுதில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சந்தனசாமி கடைக்கே வந்துவிட்டார். பின்னால் பால்வெட்டுக்காரர்கள். அவர்களுக்கும் முன்னால் காளியப்பன்.

“மரத்துப் பாலைக் கலக்குறியாமே, வெள்ளையம்மா?”

“ஆமாங்கய்யா. மரத்துப் பால்தான்.”

காளியப்பன் முகம் மலர்ந்தது. எந்த மரத்தில் எடுத்தாய் என்று கிராணி குரலை உயர்த்தினார்.

“உங்க வீட்டு வாசல்ல நிக்குதே, அதுலயும் எடுத்திருக்கேங்க. கத்தரினம்மாதான் பறிச்சுக் குடுத்தாங்க.”

கிராணிக்குத் தன் மனைவியின் பெயர் இதற்குள் எப்படி வந்தது என்று புரியவில்லை. வெள்ளையம்மா உள்ளே போய், உடைத்த தேங்காய் மூடியோடு வந்தாள். எல்லோரும் பார்க்கத் துருவி, பிழிந்து, ஒரு கிளாஸ் ஆற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு முழுக் கிளாஸையும் காலி செய்தார். தேங்காய்ப்பால் தோட்டத்துச் சொத்தில் சேராது என்று சொல்லிவிட்டு, இன்னொன்று கேட்டார்.

காளியப்பன் மட்டும் விடவில்லை.

“அப்ப வாசல்ல சாணி?”

“அது உங்க மாட்டோடதுண்ணே. நீங்க மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போன வழியிலதான் பொறுக்குனேன்.”

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. கூட்டத்திலேயே அதிகமாகச் சிரித்தவள் காளியப்பனின் மனைவி ராசம்மா. வீட்டுக்குப் போனதும் ஏன் அப்படிச் சிரித்தாய் என்று அவன் கேட்டிருப்பான். அதற்கு அவள் என்ன சொன்னாளோ தெரியாது. கொஞ்ச நாள் அவன் அந்தச் சாலைப் பக்கமே வரவில்லை.

சாலை சரியாகிச் சீனி வந்த பிறகு, சிலர் மாட்டுப்பால் தேத்தண்ணியும் கேட்டார்கள். வெள்ளையம்மா ராசம்மாவிடம் சொல்லி அனுப்பினாள்: பாத்திரத்தில் கொண்டுவர வேண்டாம், மாட்டையே ஓட்டிவந்து என் கண் முன்னால் கறக்கட்டும். காளியப்பன் முறுக்கிக்கொள்வான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் வந்தான். மாட்டைக் கம்பத்தில் கட்டி, கறந்து, நுரையோடு செம்பை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு, எந்தத் தேத்தண்ணி வேண்டும் என்று கேட்டாள்.

“மரத்துப் பால்தான்” என்றான் காளியப்பன். கிளாஸை வாங்கியதும் மாட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, ஊதி ஊதிக் குடித்தான்.