கரகரப்பு யாருடையது

முதல் துண்டு சுலபமாக வந்துவிட்டது. இரண்டாவதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, அசையாமல், நேர் மேலே இழுத்தன லத்தீபாவின் கைகள். பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டி எடுத்த துண்டுகள். ஒன்றில் யாருடைய விலா எலும்போ வெள்ளையாகத் தெரிந்தது. ஸ்பீக்கரின் நடுக்குழியில், காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் உண்டு. பசை காயும்வரை சுருள் ஒரு பக்கம் சாயாமல் இருக்க, இந்த நான்கு துண்டுகளும் ஒரு ராத்திரி முழுக்க அங்கே காவல் நிற்க வேண்டும். நான்காவதும் வந்ததும் கைகள் காகிதக் கூம்பை இருபுறமும் தொட்டு மெல்ல அமுக்கிவிட்டன. உரசல் இல்லை.

தீவுத் தலைநகரின் மின்னி பே பகுதியில், லத்தீபா வீட்டின் முன்னறைதான் பட்டறை. மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காதுக்குப் பதிலாகச் செப்புக்கம்பி. தேநீர்க் கிளாஸை ஸ்பீக்கரின் நடுவில் ஒட்டுகிற வட்ட மூடி ஒன்றால் மூடி வைத்திருப்பார். கம்பி சுற்றும்போது யார் கூப்பிட்டாலும் இடது சுண்டுவிரல் மட்டும் உயரும். எண்ணிக்கை முடியும்வரை அதுதான் பதில். மோட்டாருக்குக் கம்பி சுற்றிய வாப்பாவின் கருவிகள் வீட்டில் இருந்தன. ஸ்பீக்கர் வேலை லத்தீபா தானாகப் பிடித்துக்கொண்டது. "கிழிஞ்சு வந்ததையெல்லாம் அறுத்து அறுத்துப் பாத்தேன். வேற ஸ்கூல் ஏது?" என்பார்.

மூடியை ஒட்டுவதற்கு முன் சோதனை உண்டு. அதற்கு லத்தீபா போடுவது சினிமாப் பாட்டு இல்லை. ஏழெட்டு வருடங்களுக்கு முன், ஹேவ்லாக் தீவிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கையடக்க ஸ்பீக்கரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தாள். சரியானதும் தன் போனிலிருந்து ஒன்றைப் போட்டுக் கேட்டாள். போலந்து நாட்டுக்காரர் ஒருவர் இளவயதில் பெரிய வாத்தியக்குழுவுக்காக எழுதிய சிம்பொனி என்று சைகையும் இங்கிலீஷுமாகச் சொன்னாள். லத்தீபா கூலியோடு அதையும் தன் மெமரி கார்டில் வாங்கிக்கொண்டார்.

ஏன் என்று கேட்பவர்களிடம், "பாட்டுல எல்லாம் கூட்டமா நிக்கும் தம்பி. திருடன் உள்ள புகுந்துக்குவான். இதுல அப்பப்ப ஒருத்தருமே இருக்க மாட்டாங்க. ஸ்பீக்கர்ல கட்பட், ஏதாச்சும் கோளாறு இருந்தா எங்க ஒளியும்?" என்பார்.

முதலில் கட்டை மேல் கட்டை மோதுகிற சத்தம். பிறகு ஐம்பது வயலின்கள் ஆளுக்கொரு சுருதியில் நெருக்கியடித்து நிற்கும். அதற்கு அவர் வைத்த பெயர் 'தேன்கூடு'. பித்தளை வாத்தியங்கள் முட்டி மோதி இறங்கும் இடம் 'ஜெட்டி', கப்பல்துறையில் கப்பல் வந்ததும் நடக்கும் தள்ளுமுள்ளு அது. கடைசியில் நீளமான ஓர் அமைதி. அதற்குப் பெயரே வைக்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சந்திரமதிக்கு இது பேய்ப்படம். "பாபி, இன்னிக்கும் பேய் வந்துடுச்சா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி முறை வைத்துக் கேட்பார்.

"வந்துடுச்சு. உன்னத்தான் விசாரிக்குது."

அன்று வாசலில் நின்றவர் செந்தமிழன். மாயாபந்தரில் மைக்செட் வைத்திருப்பவர். மறுநாள் காலை அங்கே கோயில் காவடி. போன திருவிழாவில் பாதி நிகழ்ச்சியில் இதே பெரிய ஸ்பீக்கர் கிழிந்து, கமிட்டிக்காரர்கள் முகத்துக்கு நேராகவே பேசிவிட்டார்கள். இந்த முறையும் கெட்டால் கோயில் வேலை கைவிட்டுப் போகும். காட்டுவழிக்கு வண்டிகளைக் கூட்டமாக மட்டும் விடுகிற ஜிர்காடாங் கேட்டில் கடைசி கான்வாயைப் பிடித்தால்தான் வேன் ராத்திரிக்குள் மாயாபந்தர் சேரும்.

"அக்கா, ஜல்தி. கேட்ட மூடிட்டான்னா நான் காட்டுலதான் மைக் கட்டணும்."

"குரங்குங்க நல்லாக் கேக்கும். நில்லு."

தேன்கூடு சுத்தமாக இருந்தது. ஜெட்டியும் கடந்தது. அதன்பின் சத்தம் வடிந்த இடத்தில், அடியாழத்தில், கர்ர் என்று ஏதோ உரசியது. லத்தீபா பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். அதே இடத்தில் மறுபடியும் கர்ர்.

செந்தமிழனுக்கும் கேட்டுவிட்டது. "கம்பிக் காயில் தட்டுதாக்கா?"

லத்தீபாவின் கை பிளேடை எடுத்துவிட்டது. அறுத்து, சுருளைத் திரும்ப நடுவில் நிறுத்தி ஒட்டினால் இன்னொரு ராத்திரி காய வேண்டும். கான்வாய் போய்விடும். அறுக்காமல் கொடுத்து, நாளை கோயிலில் இரைந்தால் அந்த மனுஷன் ஊரில் தலைகாட்ட முடியாது.

பிளேடு கூம்பின் விளிம்பில் நின்றது. போன வருடம் திக்லிபூரிலிருந்து இதே அளவில் ஒன்று வந்தது நினைவுக்கு வந்தது. அதிலும் இதே மாதிரி கர்ர் கேட்டு, அறுத்துப் பார்த்தார். சுருளில் ஒரு கீறல் இல்லை. தவறு எங்கே என்று தெரியாமலே புதிதாகச் சுற்றிக் கொடுத்தார். பல நாள் அது மனதில் கிடந்து உறுத்தியது.

பிளேடை வைத்துவிட்டு ஒலியை மிகவும் குறைத்தார். கூம்பின் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. நான்கு விரல்நுனிகளை அதன்மேல் வைத்து, நடுக்குழியருகே காதைக் கொண்டுபோனார். ஆடாத கூம்பு உரசாது. அந்த இடம் வந்தது. சின்னதாக, ஆனால் அதே வடிவத்தில், கர்ர். விரல்களுக்கு அடியில் பொடி நெருடல்கூட இல்லை.

"இது நம்மளது இல்ல" என்றார் மெதுவாக.

"அப்ப யாரோடதுக்கா?"

"அவரோடது. அந்த போலந்துக்காரர் வேணும்னே வச்சிருக்காரு. பெரிய பெரிய வயலின் இருக்கும்ல, ஆள் ஒசரத்துக்கு? அத வில்லால அழுத்தித் தேய்க்கச் சொல்லியிருக்காரு." அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. "சின்ன ஸ்பீக்கர்ல இது கேக்கவே கேக்காது. இத்தன வருசம் முழுசாக் கேக்காமயே இருந்திருக்கேன் பாரேன்." பிளேடை இன்னும் தள்ளி வைத்தபடி, "திக்லிபூர் ஸ்பீக்கரச் சும்மா அறுத்துட்டேன்" என்றார்.

"கேக்கறதுக்குக் கராப் ஆன ஸ்பீக்கர் மாதிரியே இருக்கு. ஏன்க்கா அப்படி வச்சாரு?"

"தெரியல. கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் தெரியும்."

வட்ட மூடியை ஒட்டினார். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டது. செந்தமிழன் மணியைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், கைகளை நீட்டினார். லத்தீபா கம்பிகளைக் கழற்றவில்லை. இசையை 'ஜெட்டி'யில் தொடங்கவிட்டு, ஓடுகிற ஸ்பீக்கரை அப்படியே தூக்கி, கூம்பு செந்தமிழன் நெஞ்சைப் பார்த்திருக்கக் கையில் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அந்த கர்ர் சட்டையைத் தாண்டி உள்ளே போனது. பிறகு கடைசி அமைதி வந்தது. சுண்டுவிரலை உயர்த்தியபடி நின்றார் லத்தீபா. அது முழுதாக முடிந்தபின் கம்பியின் ஒரு கிளிப்பைக் கழற்றினார், பிறகு இன்னொன்றை.