ஏழாம் நம்பரும் நாலாம் நம்பரும்

பொண்ணு பார்க்க வாறாங்க எண்டதுக்காக உங்கட மகள்ட மோட்டச்சைக்கிளுக்குத் தென்னோலை போட்டு மூடி வைக்கிறதா ராத்தா? வெள்ளிக்கிழமை வாற மாப்பிள்ளட உம்மாவும் தங்கட வீட்டில எதையோ மூடி வெச்சிட்டுத்தான் வருவா. எங்கட சாச்சிட கதையக் கேளுங்க. இந்தக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொல்றன்.

எனக்கு அப்ப எட்டு வயசு. நாட்டில சண்டை முடிஞ்சு ரெண்டு மூணு வருசம் இருக்கும். ஆஸ்திரேலியாவில இருந்து ஒரு மிஸ் வந்து, இங்கத்தப் பொம்புளப் புள்ளைகளுக்கு அவங்கட நாட்டுப் பந்து விளையாட்டைப் பழக்கினா. பந்து உருண்டை இல்ல, மட்டை உரிக்காத தேங்கா மாதிரி நீட்டு. காலால அடிக்கலாம், கையால குத்தலாம், எகிறிப் பிடிக்கலாம். உம்மாட தங்கச்சி, அதான் எங்கட சாச்சி, தோட்டத்தில லொறிக்கு எறியிற தேங்காயை ஒண்டும் விடாமப் பிடிச்ச ஆள். அந்தக் கைக்குப் பந்தெல்லாம் ஒரு கணக்கா?

அந்த நேரம் பார்த்துத்தான் கற்பிட்டியில இருந்து சாச்சிக்குக் கலியாணம் பேசி வந்திச்சு. மாப்பிள்ளட உம்மா ஒருக்கா வந்து, சாச்சி குடுத்த தேத்தண்ணியக் குடிச்சிட்டு, "அடக்கமான புள்ள" எண்டு சொல்லிட்டுப் போனா. நான் திரைக்குப் பின்னால நிண்டு அவட குடையத்தான் பார்த்தன். கறுத்தக் குடை, பிடியில கிளி மூக்கு. வெள்ளிக்கிழமை வந்து முடிவு சொல்றதாப் பேச்சு. புதன்கிழமை மெட்ச். கலியாணம் பேசுற ஆள் உம்மாட்டச் சொல்லிட்டாரு, "விளையாடினாப் பரவாயில்ல, அவங்களுக்குத் தெரியத்தான் கூடாது" எண்டு.

மெட்ச் சிலாபத்துப் பக்கம். அவ்வளவு தூரத்துக்குத் தெரிஞ்ச ஆக்கள் வர மாட்டாங்க எண்டு வாப்பா வெங்காய லொறிய எடுத்தாரு. அக்கம்பக்கத்துக்கு, சுகமில்லாத ஒருத்தரப் பார்க்கப் போறம் எண்டு சொன்னம். என்னை விட்டுட்டுப் போனா உளறிடுவன் எண்டு என்னையும் மூட்டைக்கு மேல ஏத்தினாங்க.

வாப்பாவும் உம்மாவும் கயித்தோரம் நிண்டாங்க. பந்து நடுக்கம்புக்குப் பக்கத்தால போனாலும் அந்த விளையாட்டில ஒரு புள்ளி குடுப்பாங்க. "இது நல்ல விளையாட்டு, குறி பிழைச்சாலும் குடுக்கிறாங்க" எண்டு வாப்பா சிரிச்சாரு. நான் வெயில் தாங்காம வேப்பமரத்தடிக்குப் போனன். அங்க இருந்த ஆளுட மடியில அதே கிளி மூக்குக் குடை.

உம்மாட்ட ஓடத் திரும்பினன். அவ என்ட கையப் பிடிச்சு, "வெயில்ல ஓடாத மகள், இதில இரு" எண்டு இருத்திட்டா.

"அந்த ஏழாம் நம்பர் ஆரு? நல்லாப் பாயிறா."

ஏழு எங்கட சாச்சி. தலையில ஸ்காப்பை இறுக்கிக் கட்டி, முகமெல்லாம் மண், ஆரெண்டு மட்டுக்கட்ட ஏலாது.

"தெரியா."

"எந்தப் பக்கம் வெல்லணும் உனக்கு?"

"தெரியா."

"பாவம், ஒண்டும் தெரியாத புள்ள" எண்டு ஒரு பிடி கச்சான் கொட்டை தந்தா.

அப்ப பந்து உயரப் போச்சு. சாச்சியும் மற்றப் பக்கத்து நாலாம் நம்பரும் சேர்ந்து எகிறினாங்க. சாச்சிட முழங்கால் அவட தோளில ஏறிச்சு. பந்து சாச்சிட கையில. நாலாம் நம்பர் நிலத்தில கிடந்தா, அசையல்ல.

பக்கத்தில இருந்தவ எழும்பிட்டா. குடை விழுந்தது கூடத் தெரியல்ல. "எழும்பு புள்ள, எழும்பு" எண்டு வாய் முணுமுணுத்திச்சு.

"உங்கட ஆளா?" எண்டு கேட்டன்.

"எனக்கு ஆரெண்டே தெரியா மகள்."

சாச்சி கை குடுத்துத் தூக்கிவிட்டா. நாலாம் நம்பர் நொண்டி நொண்டி நடந்தா. அதுக்குப் பிறகுதான் இவ மூச்சு விட்டா. குடைய எடுத்துக்கொண்டு, "நான் இங்க வந்தத ஆருக்கும் சொல்லிடாத" எண்டா.

ரெண்டு நாளும் உம்மாட்டச் சொல்லவா வேணாமா எண்டு யோசிச்சன். சொன்னா உம்மா அழுவா. சொல்லாட்டி, அவ வந்து எல்லாருக்கும் முன்னால ஏழாம் நம்பரக் கேப்பா.

வெள்ளிக்கிழமை வந்தா, மகளோட. மகள் நொண்டினா. "கிணத்தடியில வழுக்கிட்டா" எண்டா. தேத்தண்ணி கொண்டு வந்த சாச்சிக்கு ரெண்டு விரல் வீங்கியிருந்திச்சு. "கதவில நசிஞ்சிட்டு" எண்டா எங்கட உம்மா. அந்த மகளும் சாச்சியும் ஒருத்தர ஒருத்தர் பார்த்தாங்க. மாப்பிள்ளட உம்மா சாச்சிட விரலப் பார்த்தா, மகள்ட காலப் பார்த்தா, பிறகு திரையோரம் நிண்ட என்னப் பார்த்தா. நான் கண்ண மூடிட்டன்.

"புள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நாளக் குறிங்க" எண்டு அவட குரல் கேட்டிச்சு.

அவக்குக் கண் பார்வை குறைவு எண்டு நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னன் ராத்தா. எத்தனையோ வருசம் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தன். அவ எங்களைப் பிடிக்க வந்தவ இல்ல, தன்ட மகள் விளையாடுறதப் பார்க்க அவவும் வீட்டில சுகமில்லாத ஒருத்தரச் சொல்லிட்டு வந்து, என்னைப் போல அந்த மரத்தடியில மாட்டிக்கொண்டு இருந்தவ எண்டு எனக்கு அப்ப எங்க விளங்கிச்சு. அதால நீங்க அந்த ஓலைய எடுத்துப்போட்டு, மோட்டச்சைக்கிள முன்வாசலிலயே... சூய், சூய், பாருங்க காகத்த, கட்டாக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போகுது. இருங்க, வாறன்.