லாமார் தொடாத காபி

என் அண்ணன் லாமார் தன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் காபி குடித்ததில்லை. டீயும் இல்லை. பீர் வாடையே அவனுக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் எவனோ சிகரெட்டை நீட்டினான் என்று அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி வந்தவன். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டான். சான்பீட் பள்ளத்தாக்கில் எங்கள் ஜனத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். வெளியே எங்களை மார்மன்கள் என்பார்கள். நாங்கள் எங்களைப் பரிசுத்தவான்கள் என்று சொல்லிக்கொள்வோம், பக்கத்தில் யாரும் சிரிக்காவிட்டால்.

பத்தொன்பது வயதில் அவனைப் பின்லாந்துக்கு ஊழியம் செய்ய அனுப்பினார்கள். அனுப்புவதற்கு வேறு நாடே கிடைக்கவில்லை போலிருக்கிறது. அங்கே ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் காபியை ஊற்றிவிடுவார்கள். இரண்டு வருஷமும் வீட்டுக்கு வீடு கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்து, வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். எத்தனை பேரைச் சபையில் சேர்த்தாய் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

வந்ததும் நோரீனைக் கட்டினான். வான்கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் கொண்டுபோகிற லாரியில் ஏறினான். ஏறியவன் முப்பது வருஷத்துக்கு மேலாக இறங்கவே இல்லை. விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டிய வேலை. மற்ற டிரைவர்கள் காபியைக் குடித்துக் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். இவனுக்கு அது கிடையாது. ஆனால் தூக்கம் இவனையும் விடாதே! அதனால் கோலா. எங்கள் ஊர்ச் சோடாக் கடையில் கோலாவுக்குள் தேங்காய்ச் சிரப்பையும் க்ரீமையும் ஊற்றிக் கொடுப்பார்கள். அந்தக் கோப்பையைக் கோப்பை என்று சொல்லக் கூடாது, மூடி போட்ட வாளி. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. வீட்டுக்கு வந்தால் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி ரோல், ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சீஸும் வெண்ணெயும் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு. தப்புப் பண்ண எங்களுக்கு மிச்சம் வைத்திருக்கிற ஒரே இடம் சர்க்கரைதான், அதை நாங்கள் வீணாக்குவதில்லை.

வயிறு முன்னால் போனது, அவன் பின்னால் போனான். யாரும் அதை வியாதி என்று நினைக்கவில்லை. காபி, டீ, மது, புகையிலை கூடாது என்கிற எங்கள் ஆரோக்கியக் கட்டளையைக் கைக்கொள்கிறவர்கள் ஓடினாலும் களைக்க மாட்டார்கள் என்று ஒரு வாக்குத்தத்தம் உண்டு. லாமார் ஓடிப் பார்த்ததில்லை. அதனால் அவனுக்குச் சந்தேகம் வர வழியும் இல்லை.

அவனுக்கு ஒரே மகள், கென்ட்ரா. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் அவளுடைய சிறுநீரகங்களை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. முப்பது வயது தாண்டியதும் இரண்டும் நின்றுபோயின. நான்காம் வகுப்பு டீச்சர் வேலையை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். வாரத்தில் மூன்று நாள் ப்ரோவோ நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். போகும்போது பேசிக்கொண்டு போவாள், வரும்போது கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவாள். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். நோரீனுக்கு மார்பில் புற்றுநோய் வந்து போனது, அவளிடமிருந்து எடுக்க மாட்டார்கள். எனக்கு ரத்தக் கொதிப்பு. லாமாரின் ரத்தம் மகளுக்கு அச்சாகப் பொருந்தியது.

அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

சால்ட் லேக்கில் பெரிய ஆஸ்பத்திரி. நோரீன் மகளோடு இருந்ததால் தங்கை நான் கூடப் போனேன். கேள்வி கேட்ட நர்ஸ் ஒல்லியாக, சாட்டை மாதிரி இருந்தாள். தினமும் காலையில் மலைமேல் ஓடிவிட்டு வேலைக்கு வருவாளாம். மேஜையில் ஒரு பிளாஸ்க், அதிலிருந்து காபி வாசனை.

"சிகரெட் பழக்கம் உண்டா சார்?"

"இல்லம்மா."

"மது?"

"தொட்டதே இல்ல. காபிகூடக் கெடையாது."

"காபிய நான் கேக்கலையே சார்," என்று சிரித்தாள். "நடை, உடற்பயிற்சி ஏதாவது?"

லாமார் என்னைத் திரும்பிப் பார்த்தான். "லாரில ஏறி எறங்குவேன்."

எடை பார்த்தாள். ரத்தம் எடுத்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், நல்ல பெண். "இந்த எடையோட டாக்டருங்க கத்தி வைக்க மாட்டாங்க சார். சர்க்கரையும் எல்லைக்கோட்டுல நிக்குது. எடையக் கொறச்சிட்டு வசந்தத்துல வாங்க, மறுபடி பாக்கலாம். அதுவரைக்கும் இனிப்புத் தண்ணி எதுவும் கூடாது."

திரும்பி வரும்போது அவன்தான் ஓட்டினான். நகரத்தைத் தாண்டியதும் சொன்னான்: "பாவம், நல்ல பொண்ணு. அந்தக் காபிய மட்டும் விட்டுட்டான்னா ரொம்ப நாள் இருப்பா."

"நீ வாய மூடிட்டு ரோட்டப் பாருண்ணே," என்றேன்.

மறுநாளே ஆரம்பித்தான். வெளியே நடக்க முடியாது, பனி உறைந்து தெரு கண்ணாடியாகிக் கிடந்தது. எங்கள் சபைக் கட்டடத்தில் ஆராதனை மண்டபத்தை ஒட்டிக் கூடைப்பந்து மைதானம் இருக்கிறது. பிஷப் ஆல்ரெட் சாவியைக் கொடுத்தார். எங்களுக்குச் சம்பளப் பாதிரியார் கிடையாது. ஆல்ரெட் வார நாளில் கேஸ் சிலிண்டர் விற்பவர், ஞாயிற்றுக்கிழமை பிஷப். அவருக்கும் வயிறு உண்டு, லாமாருடைய வயிற்றுக்குச் சளைத்ததல்ல.

வேலை முடிந்து வந்ததும் அண்ணன் மைதானத்தைச் சுற்றுவான், நானும் கூடச் சுற்றுவேன். முதல் வாரம் கூடைக்குக் கூடை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஓடினாலும் களைக்காதுன்னாங்களே, வாக்குத்தத்தம் எங்கண்ணே போச்சு?"

"அது ஓடுறவனுக்கு, ரனே," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. "நான் உருள்றேன்."

கோலாவை விட்டதுதான் பெரிய பாடு. தலைவலி மண்டையைப் பிளந்தது. லாரியில் தூங்கி விழுந்தான். ஒருநாள் வண்டி சாலையை விட்டு இறங்கிப் பனிக்குவியலில் போய் முட்டி நின்றது. நல்ல காலம், குவியலுக்கு அந்தப் பக்கம்தான் கால்வாய். நோரீனிடம் விஷயம் கேள்விப்பட்டு அந்த நர்ஸே போன் பண்ணினாள்.

"கறுப்புக் காபி குடிங்க சார். சர்க்கரை, பால் எதுவும் இல்லாம. அதனால ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது. தூக்கமும் வராது, எடையும் ஏறாது."

"அது முடியாதும்மா," என்றான்.

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "யாருண்ணே வந்து பாக்கப் போறாங்க? லாரிக்குள்ள பிஷப் ஒளிஞ்சிட்டிருக்காரா?"

"தெனமும் ராத்திரி கென்ட்ராவுக்காக மண்டி போட்டுக் கேக்கிறேன் ரனே. காபி வாசனையோட போயா கேக்கச் சொல்ற?"

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அந்த நர்ஸ் சொன்னதில் தப்பே இல்லை. இவன் சொன்னதை அவளுக்கு எடுத்துச் சொல்லவும் என்னால் ஆகாது.

இதற்கு நடுவில் சபை எங்களுக்கு உதவி செய்ய ஆரம்பித்தது. அந்தக் கொடுமையை எப்படிச் சொல்வேன்! எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் மாதர் சங்கம் முறை வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டுவரும். சங்கத் தலைவி சிஸ்டர் ஸ்டாக்கர் வெண்ணெய் வடியும் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"பிரதர், ஒங்களுக்குன்னே செஞ்சது. சர்க்கரை பாதிதான் போட்டேன்."

"சிஸ்டர், நான் எடையக் கொறைக்கிறேன்..."

"தெரியுமே! அதான் பாதி போட்டேன். ஒடம்புல தெம்பு வேணாமா? கிட்னி குடுக்கப் போறவரு."

கண்ணில் தண்ணீரோடு நிற்கிறவளிடம் எப்படி மறுப்பது? வாங்கிக்கொள்வான். நான் பின்கட்டு வழியாக எடுத்துக்கொண்டுபோய் என் நாய்க்குப் போடுவேன். அந்தக் குளிர்காலத்தில் என் நாய் படியேறத் திணறியது.

கென்ட்ராவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதும் உபவாசம் இருந்தது. குழந்தை குட்டிகளைத் தவிர எல்லோரும் இரண்டு வேளை பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் ஜெபம் பண்ணினார்கள். மனசு உருகிவிட்டது. அப்புறம் சாயங்காலம் உபவாசத்தை முடிக்க அத்தனை பேரும் அண்ணன் வீட்டுக்கே வந்தார்கள், ஆளுக்கொரு பாத்திரத்தோடு. சீஸ் உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி, மூன்று வகை கேக். லாமார் தன் வீட்டுச் சமையலறை மூலையில் நின்றுகொண்டு கேரட்டைக் கடித்தான். கென்ட்ரா சோபாவிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒரு துண்டு சாப்பிடு. ஒரு துண்டுல என்ன ஆயிடப் போகுது?"

"எனக்கு இப்பல்லாம் இனிப்பே பிடிக்கிறதில்லம்மா," என்றான். பொய். கட்டளையில் பொய்யும் கூடாதுதான்.

அவன் இளைத்தான். சத்தியமாக இளைத்தான். பனி உருகும்போது சட்டை தோளிலிருந்து தொங்கியது. நோரீன் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக் கொடுத்தாள். மைதானத்தைச் சுற்றி மெல்ல ஓடக்கூட ஆரம்பித்தான். களைத்தான், ஆனால் ஓடினான். கூடைக்குக் கீழே வரும்போதெல்லாம் துள்ளி வலையைத் தொடப் பார்ப்பான். அறுபதை நெருங்குகிற ஆள்!

வசந்தத்தில் மறுபடி சால்ட் லேக் போனோம். அந்த நர்ஸ் அவனைப் பார்த்துக் கை தட்டினாள். வெறும் வயிற்றில் ஒரு இனிப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள். இத்தனை மாதம் கழித்து வாயில் பட்ட சர்க்கரை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

டாக்டர் வயதானவர். சுற்றி வளைக்கவில்லை. "சர்க்கரை வியாதி வந்துடுச்சு சார். இன்னிக்கு நேத்து வந்ததில்ல, வருஷக் கணக்கா வந்துட்டிருந்தது. ஒங்க கிட்னிலயும் லேசா புரதம் ஒழுகுது. ஒங்ககிட்டேருந்து எடுக்க முடியாது."

"நான் இன்னும் எளைக்கிறேன் டாக்டர்."

"நீங்க செஞ்சதெல்லாம் வீண் இல்ல. ஒங்க உசுருக்கு நல்லது. ஆனா அந்த ரெண்டு கிட்னியும் இனிமே ஒங்களுக்கே வேணும்."

"நான் ஒரு சொட்டுக் காபிகூட..." என்று ஆரம்பித்தான். அந்த நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

கென்ட்ராவிடம் அவனே போய்ச் சொன்னான். அவள் அழவில்லை, அவனைத்தான் தேற்றினாள். "கிட்னிக்குக் காத்திருக்கிறவங்க வரிசைல என் பேரு இருக்குப்பா. யாராவது வருவாங்க." வரிசை எவ்வளவு நீளம் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தக் கோடையில் அவளுக்கு இரண்டு தடவை நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. லாமார் நடப்பதை நிறுத்திவிட்டான். சாவியைப் பிஷப்பிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இலையுதிர் காலத்தில் அவனுடைய ஆலய அட்டை காலாவதியானது. சபைக் கட்டடம் மாதிரி இல்லை, மலைமேல் இருக்கிற எங்கள் ஆலயத்துக்குள் போக அந்த அட்டை வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிஷப் தனியாக உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்டுக் கையெழுத்துப் போடுவார். ஞாயிறு மதியம் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். சீக்கிரம் முடிகிற சமாச்சாரம், ஆனால் வெகுநேரம் அவன் வெளியே வரவில்லை. வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தியவன், உள்ளே நடந்ததை அவனாகவே சொன்னான்.

ஆரோக்கியக் கட்டளையைக் கைக்கொள்கிறீரா என்று பிஷப் கேட்டிருக்கிறார். வாழ்நாள் முழுக்க யோசிக்காமல் ஆமாம் என்று சொன்ன கேள்வி. இந்தத் தடவை, "இல்ல பிஷப்," என்றிருக்கிறான்.

ஆல்ரெட் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "காபியா பிரதர்?"

"இல்ல."

"பீரா? என்கிட்ட தயங்காமச் சொல்லுங்க."

"கோலா. ரோலு. ஐஸ்கிரீம். முப்பது வருஷம். என் பொண்ணுக்குக் குடுக்க வேண்டியத நான் தின்னே அழிச்சிட்டேன் பிஷப். எதாவது தண்டனை குடுங்க. ஒரு வருஷம் உள்ள விடாதீங்க."

"அது கேள்வில இல்லையே பிரதர்."

"நீங்க சேத்துக் கேளுங்க."

"நான் எப்படிச் சேக்க முடியும்? அப்படிச் சேத்தா நானும் இந்த நாற்காலில உக்கார முடியாது," என்று சொல்லிவிட்டு ஆல்ரெட் தன் வயிற்றைப் பார்த்தாராம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தோம். முந்தின நாள் ப்ரோவோ போய் வந்த அசதியில் கென்ட்ரா சோபாவில் போர்வைக்குள் கிடந்தாள். முகம் வீங்கியிருந்தது. கதவுச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"கெடச்சுதாப்பா?"

லாமார் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினான். "கெடச்சுதும்மா."

"அப்பாடா," என்று சிரித்தாள். "ஒனக்காவது கெடச்சுதே."

அவள் மனசாரத்தான் சொன்னாள். அவன் அட்டையைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். நானும் அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.