லின் வீட்டுப் பெண்

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். டீக்கடை பெஞ்சில் நான் மட்டும்தான். கடைக்கார ஸ்டெல்லா அக்கா, சுவரிலிருக்கும் வேளாங்கண்ணி மாதா படத்துக்கு மெழுகுவர்த்தியோடு மூன்று ஊதுபத்தியும் ஏற்றுகிறார்.

"மாதாவுக்கு ஊதுபத்தியா அக்கா?"

"லின் சார் பழக்கம்பா. கம்பெனிக்கு மிஷின் மாட்ட வந்த சைனாக்காரரு. லின்னா அவுங்க வம்சத்துப் பேரு, காடுன்னு அர்த்தமாம். காட்டுல பொறந்த கொழந்தைக்கு ராஜா குடுத்த பேராம். அந்த வம்சத்துப் பொண்ணு ஒண்ணு, கடல்ல போறவங்கள காப்பாத்துற சாமி ஆயிடுச்சாம், நம்ம மாதா மாரியே. 'எங்க வூட்டுப் பொண்ணு'ன்னு சொல்லிக்கினு இந்தப் படத்துக்கே தெனம் மூணு பத்தி கொளுத்துவாரு."

"இப்ப எங்க அவரு?"

"கம்பெனிய மூடனதும் ஊருக்குப் பூட்டாரு."

"அப்புறம் நீங்க ஏன் ஏத்துறீங்க?"

அக்கா படத்தின் தூசியை முந்தானையால் துடைக்கிறார்.

"அவரு பூட்டாரு. அவரு வூட்டுப் பொண்ணு இங்கதானே கீது."